கூடு கட்டிய ஆண்கள் ஏன் குஞ்சு காக்கவில்லை? சோழவந்தான் அருகே ஒரு ஃபைட்டர் மீன் பண்ணையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சோழவந்தானுக்கு அருகே, வைகைக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில், வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு கணவனும் மனைவியும் ஃபைட்டர் மீன் என்னும், ஆண்கள் ஒன்றையொன்று கண்டால் சண்டையிடும் அழகு மீனை வளர்த்து விற்று வருகிறார்கள். கொடிக்கால் வருமானம் குறைந்தபோது 2017இல் நான்கு சிமெண்டுத் தொட்டிகளோடு தொடங்கிய தொழில், நான் முதன்முறை அங்கே போன 2023 செப்டம்பரில் 26 தொட்டிகளாகவும், சுவரோரம் அடுக்கிய 300க்கும் மேற்பட்ட கண்ணாடிப் புட்டிகளாகவும் பெருகியிருந்தது. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். உரிமையாளரின் அக்கா மகன் என்னிடம் படித்தவர். அவர் வழியாகத்தான் இந்தச் சிக்கல் என்னிடம் வந்தது. பெயரையும் ஊரையும் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ள இருவரும் ஒப்புதல் தந்தார்கள்.

இந்த மீனின் குடும்ப வாழ்க்கையை அறிந்தால்தான் மேலே வருவது விளங்கும். தாய்லாந்துப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மீனில் முட்டையையும் குஞ்சையும் காப்பது தந்தை மட்டுமே. ஆண் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, வாயில் சுரக்கும் சளியோடு சேர்த்துக் குமிழ்குமிழாக உமிழ்ந்து நுரைக்கூடு கட்டுகிறது. பெண்ணை உடலால் வளைத்து அணைக்கும்போது முட்டைகள் வெளிப்பட்டு நீரில் தாழ்கின்றன. ஆண் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி மேலே கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டுகிறது. வேலை முடிந்ததும் பெண்ணை விரட்டிவிடும். வளர்ப்பவர்களும் பெண்ணை அப்போதே எடுத்துவிடுவார்கள். ஒன்றரை நாள், இரண்டு நாளில் பொரிக்கும் குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டிலிருந்து தொங்கும். தானாக நீந்தும்வரை இன்னும் இரண்டு மூன்று நாட்கள் அவை அடிக்கடி நழுவி விழும். ஒவ்வொரு முறையும் தந்தை ஓடிப்போய் வாயில் கவ்விக் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். உடைந்த குமிழுக்குப் புதுக் குமிழ் சேர்க்க வேண்டும், பூஞ்சை பிடித்த முட்டையை அகற்ற வேண்டும். அந்த நாலைந்து நாள் முழுக்க அது ஏறக்குறைய உறங்காமல் உழைக்கிறது. பல ஆண்டுகள் பார்த்த பிறகும் அந்த உழைப்பு எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வந்த குறை

உரிமையாளர் சொன்னதை அவர் சொல்லிலேயே தருகிறேன்: "சார், கூடு கட்டுறதுல ஒரு குறையும் இல்ல. முன்னைக்கு இப்ப பெரிய கூடாத்தான் கட்டுது. ஜோடியும் சேருது. மறுநாள் காலைல வந்து பார்த்தா முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அது பாட்டுக்கு மூலைல நிக்குது."

அவர் மனைவி ஒவ்வொரு ஜோடியையும் மாதக் காலண்டர் தாள்களில் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. முந்தைய ஆண்டுகளில் ஐந்து ஜோடிக்கு ஒன்றுதான் வீணானது. 2023 ஜூன் முதல் ஆகஸ்டு வரையோ 31 ஜோடிகளில் 22இல் குஞ்சு நீந்தும் நிலைக்கே வரவில்லை. தண்ணீரை மாற்றினார்கள், வாதாம் இலை போட்டார்கள், பூஞ்சை போக்கும் மெத்திலீன் நீலம் விட்டார்கள், பலனில்லை. கெண்டை மீன் பொரிப்பகத்தில் வேலை பார்த்த ஒருவர் முட்டையிடத் தூண்டும் ஓவாப்ரிம் ஊசி போடச் சொல்லியிருந்தார். மருந்து வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்த்தவை

முதல் நாளிலேயே கண்ணை உறுத்தியது இளம் மீன்களின் தோற்றம். மார்ச்சில் பொரித்த தொகுதியில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 180 மீன்களில், பெண் என்று சொல்லத்தக்கவை 20கூட இல்லை. ஆணைப் போல நீண்ட துடுப்பும் அடர்ந்த நிறமும் கொண்ட சிலவற்றின் அடிவயிற்றில், பெண் மீனுக்கே உரிய வெள்ளை முட்டைப்புள்ளி தெரிந்தது. இது இயற்கையாக அமைவதன்று. தீவனத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு வியாபாரியிடம் நிறம் ஏற்றும் தூள் என்று வாங்கிவருவதாகச் சொன்னார்கள். உறையில் பெயரோ அளவோ இல்லை. ஆண் மீன் அதிகம் கிடைக்கும் என்று வியாபாரி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ஃபைட்டர் சந்தையில் ஆணுக்குத்தான் விலை என்பதால் அந்தச் சொல் எடுபட்டுவிட்டது.

ஆண் ஹார்மோன் கலந்த தீவனமும் கரைசலும் மீன் வளர்ப்பில் புதியவை அல்ல. திலாப்பியா குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குவது உலகின் பல நாடுகளில் நடப்பதுதான். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் டி. ஜே. பாண்டியனின் ஆய்வுக்கூடத்திலிருந்து, இதே ஃபைட்டர் மீனின் குஞ்சுகளை அந்த ஹார்மோன் கரைசலில் வைத்து ஆணாக்குவது பற்றியும், அப்படி ஆணாக்கப்பட்டவற்றின் வளர்ச்சி, இனப்பெருக்கம் பற்றியும் 2002இல் கட்டுரை வெளிவந்தது. நாளும் நேரமும் மைக்ரோகிராமும் கணக்கிட்டு அவர்கள் ஆய்வுக்காகச் செய்ததற்கும், பெயரில்லாத தூளை முட்டை மஞ்சள் கருவில் பிசைந்து மாதக்கணக்காகப் போடுவதற்கும் இடையே உள்ள தூரத்தை இருவரிடமும் விளக்கினேன்.

பண்ணையில் இயல்பாகவே மூன்று வகை ஆண்கள் இருந்தன. குஞ்சாக இருந்த இரண்டாம் வாரத்திலிருந்தே தூள் உண்ட இளம் ஆண்கள் முதல் வகை. முழு வளர்ச்சிக்குப் பிறகு மே மாதம் முதல் தூள் உண்ட மூத்த ஆண்கள் இரண்டாம் வகை. தூளே பயன்படுத்தாத திருமங்கலத்து நண்பர் ஒருவர் இரவலாகத் தந்த வெளி ஆண்கள் மூன்றாம் வகை. செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் 11 ஜோடிகளைக் கைப்பேசிக் காமிராவால் பகலும் இரவும் பதிவுசெய்தோம். தண்ணீர், தொட்டி, கொசுப்புழு எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே. வெளி ஆண்கள் மூன்றும் குஞ்சுகளை நீந்தும்வரை கொண்டுவந்தன. மூத்த ஆண்கள் மூன்றில் ஒன்று மட்டும் கொண்டுவந்தது. இளம் ஆண்கள் ஐந்தும் முழுக்கத் தவறின. ஆகவே தண்ணீர்மேல் இருந்த சந்தேகம் அந்த இரண்டு வாரத்திலேயே நீங்கியது.

பதிவுகளில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று தெரிந்தது. முட்டையிடும் கண்ணாடித் தொட்டிகள் புட்டி அடுக்கை ஒட்டியே இருந்தன. இளம் ஆண்கள் கூட்டின் கீழ் சில நொடி நின்றுவிட்டு, புட்டியில் தெரிந்த இன்னோர் ஆணைப் பார்த்துச் செவுள் விரித்துக் கண்ணாடியில் மோதப் போயின. அந்த நேரத்தில் முட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தபோது விழுந்தவற்றை எடுத்து வைக்கவில்லை, தின்றன. வெளி ஆண்களும் அண்டை மீனைப் பார்த்துச் செவுள் விரித்தன. ஆனால் ஒரு முட்டை விழுந்ததும் சண்டையை விட்டுவிட்டுத் திரும்பின.

ஓர் ஐயம் தீராமல் எந்த முடிவுக்கும் வர நான் விரும்பவில்லை. கருவுறாத முட்டையையும் பூஞ்சை பிடித்த முட்டையையும் நல்ல தந்தையும் தின்னும். அது துப்புரவு வேலை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் தொடர்ந்து வரும்போது, மூளையடிச் சுரப்பி விந்தகத்துக்கு அனுப்பும் தூண்டுதலைக் குறைத்துவிடும். விந்தகம் சுருங்கி விந்தணு குறையும். அப்படியானால் அந்த ஆண்கள் கெட்ட முட்டையைத்தான் அகற்றினவோ? இளம் ஆண்களின் கூட்டிலிருந்து 12 மணி நேரத்துக்குப் பின் எடுத்த முட்டைகளைக் கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தபோது, பாதிக்கு மேல் கருவுறாததன் அடையாளமாகப் பிளவுபடாமல் வெளுத்திருந்தன. ஆக ஐயம் நியாயமானதுதான்.

இதைத் தீர்க்கக் கூடுகளை மாற்றிவைத்தோம். முட்டையிடும்போதே ஒவ்வொரு கூட்டையும் வாதாம் இலை ஒன்றின் அடியில் அமையுமாறு செய்துகொண்டால், இலையோடு கூட்டைத் தூக்கி வேறு தொட்டியில் மிதக்கவிடலாம். இந்த உத்தியைச் சொன்னவர் உரிமையாளரின் மனைவி. ஒரே இரவில் கூட்டில் முட்டை பெற்ற ஒரு வெளி ஆணையும் ஓர் இளம் ஆணையும் ஓர் இணையாகக் கொண்டு, நான்கு இணைகளில், வெளி ஆணின் நல்ல முட்டைகளை இளம் ஆணுக்கும், இளம் ஆணின் முட்டைகளை வெளி ஆணுக்கும் மாற்றினோம். வெளி ஆண்கள் வெளுத்த முட்டைகளைத் தின்றுவிட்டு, மிஞ்சிய சிலவற்றைப் பொரிக்கும்வரை காத்தன. இளம் ஆண்களில் மூன்று, கருவுற்ற நல்ல முட்டைகளையும் தின்றன அல்லது விழவிட்டன. ஒன்று மட்டும் காத்தது. விந்திலும் குறை, காக்கும் நடத்தையிலும் குறை. இரண்டும் தனித்தனியே இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அக்டோபர் முதல் நாள் கணவன், மனைவி, அக்கா மகன், நான் என நால்வரும் உட்கார்ந்து பேசினோம். உரிமையாளரின் கேள்வி நேரானது: "ஆண் ஹார்மோன் கூடினா நல்ல அப்பனாத்தானே சார் இருக்கணும்?" இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொல்வது என் கடமை என்று நினைத்தேன்.

மீன்களில் முதன்மையான ஆண் ஹார்மோன் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன். குளிர்நாட்டு ஸ்டிக்கிள்பேக் என்னும் முள்முதுகு மீனில் இதன் வேலை அழகாகத் தெரிகிறது. இந்த ஹார்மோன் ஏறும்போது ஆணின் சிறுநீரகம் ஸ்பிக்கின் என்ற பசைப்புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் பசையால்தான் அது நீர்த்தாவர இழைகளை ஒட்டிக் கூடு கட்டுகிறது. முட்டைகள் வந்து, துடுப்பால் நீர் விசிறிக் காக்கும் கட்டம் தொடங்கியபின் அதே ஹார்மோன் இறங்கிவிடுகிறது. வட அமெரிக்காவின் புளூகில் மீனிலும் கூடு கட்டும் நாட்களில் ஏறி, காக்கும் நாட்களில் இறங்குகிறது. கூடு கட்டத் தூண்டும் நிலையும் குஞ்சு காக்கும் நிலையும் ஒரே உடலில் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. தூள் உண்ட மீனுக்கோ அந்த இறக்கம் வரவே வழியில்லை. உடல் குறைத்தாலும் தீவனம் நாள்தோறும் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. கூடு பெரிதாக இருந்ததும் காவல் இல்லாமல் போனதும் இப்படித்தான் பொருந்துகின்றன.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு எளிய விடை கிடைத்திருக்கும். ஆனால் அது முழு உண்மையாக இராது. அட்லாண்டிக் பாறைக்குட்டைகளில் வாழும் பிளென்னி மீன் ஒன்றில் 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாக ஏற்றியும் தந்தை காவலை விடவில்லை. கலிஃபோர்னியாக் கரையின் நீலப்பட்டைக் கோபி மீனில் நிலைமை தலைகீழ்: காக்கும் ஆண்களிடம் அந்த ஹார்மோன் உயர்ந்திருக்கிறது, மூளையில் அது உருவாவதைத் தடுத்தால் காவல் குறைகிறது. ஆண் ஹார்மோனைக் குறைத்துவிட்டால் மீன் நல்ல தந்தையாகிவிடும் என்று ஒரு விதி கிடையாது. ஆகவே அதை எதிர்க்கும் மருந்து எதையும் நான் பரிந்துரைக்கவில்லை.

அக்கா மகன், பாலூட்டிகளில் பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார். 1965இல் ப்ளூம், ஃபீட்லர் என்னும் இருவர் டிஸ்கஸ் மீனுக்குப் புரோலாக்டின் செலுத்தியபோது, குஞ்சுகள் உண்ணும் தோல்சளி பெருகி, நீர் விசிறும் செயலும் கூடியது. ஸ்டிக்கிள்பேக்கிலும் புரோலாக்டின் விசிறுதலைக் கூட்டியது. 2017இல் கோமாளி மீனில் நடந்த ஆய்வில், ஐசோடோசின் என்னும் மூளை ஹார்மோனின் வேலையைத் தடுத்தபோது தந்தையின் காவல் குறைந்தது; வாசோடோசின் என்னும் இன்னொரு மூளை ஹார்மோனைத் தடுத்தபோது கூடியது. தந்தைமைக்கு இத்தனை கைகள் சேர்ந்து உழைக்கும்போது, ஒரு ஹார்மோனால் வந்த கோளாறை இன்னொரு ஹார்மோனால் சரிக்கட்ட முயல்வது தவறு என்று உறுதியாகச் சொன்னேன். ஓவாப்ரிம் ஊசியையும் அதனால்தான் மறுத்தேன்: அதிலுள்ள, சால்மன் மீனின் தூண்டு ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட பொருளும் டாம்பெரிடோன் என்னும் மருந்தும் முட்டையிடுதலைத் தூண்டுவதற்கானவை, இங்கே முட்டையிடுதலில் குறையே இல்லை.

தூளை அன்றே நிறுத்தினோம். முட்டையிடும் தொட்டிகளைக் கொட்டகையின் மறுபக்கம் கொண்டுபோய், புட்டிகளுக்கிடையே அட்டை வைத்து, ஓர் ஆண் மற்றோர் ஆணைப் பார்க்காதபடி மறைத்தோம். போட்டியாளரைக் காண்பதே ஆணின் ஹார்மோனை ஏற்றும் என்பதைப் பறவைகளை முன்னிட்டு விங்ஃபீல்டும் கூட்டாளிகளும் 1990இல் முன்வைத்தார்கள். ஃபைட்டர் மீனிலேயே, இன்னொரு மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் அளவு மாறுவது 2006இல் அளந்து காட்டப்பட்டது. இளம் ஆண்களுக்கு ஆறு வாரம் ஜோடி போடுவதில்லை என்றும், அதுவரை வெளி ஆண்களையே நம்புவது என்றும் முடிவானது. கையிருப்புத் தூளை வாய்க்காலில் கொட்ட வேண்டாம் என்று சொல்லி, உறையை நன்றாக மூடி எடுத்துவந்து கல்லூரி ஆய்வகத்தின் ரசாயனக் கழிவோடு சேர்த்தேன்.

இதற்கிடையே, மூன்றாம் முறை போனபோதுதான், தூளை மஞ்சள் கருவில் பிசைபவர் மனைவி என்றும், வெறுங்கையால் பிசைகிறார் என்றும் தெரியவந்தது. இவ்வகை ஹார்மோன் தோல் வழியாகவும் உடலில் சேரும்; கருவுற்ற பெண்ணுக்குப் பெரும் கேடு. கவலையோடு சொன்னேன், அவர் மறுநாளே அரசு மருத்துவரிடம் காட்டிவந்தார், கெடுதல் ஏதும் இல்லை.

நடந்தது

நவம்பர் நடுவில் மீண்டும் ஜோடி போடத் தொடங்கினார்கள். 2024 ஜனவரி இறுதிவரை காலண்டர் தாள்களில் பதிவானவை இவை: வெளி ஆண்கள் எட்டு ஜோடிகளில் ஏழில் குஞ்சு கொண்டுவந்தன. மூத்த ஆண்கள் ஏழில் ஐந்து. அவற்றின் பதிவில், விழுந்த முட்டையை எடுத்து வைக்கும் பழைய பழக்கம் திரும்பியிருந்தது. இளம் ஆண்களின் பத்து ஜோடிகளில் மூன்றில் மட்டுமே குஞ்சு நீந்தியது. வளர்ந்தபின் வந்த ஹார்மோன் விலகியதும் நடத்தை பெரும்பாலும் மீண்டது. குஞ்சுப் பருவத்தில் உடலும் மூளையும் உருவாகும்போது சேர்ந்தது அவ்வாறு மீளவில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

இளம் ஆண்களில் வெற்றிபெற்ற மூன்றில் இரண்டு ஒரே மீனுடையவை, கூடு மாற்றியபோது முட்டையைக் காத்த அதே மீன். அதன் முதல் ஜோடியின் குஞ்சுகளைப் பிப்ரவரியில் பால் பிரித்தபோது, 64இல் 61 பெண்ணாக இருந்தன. பிறப்பில் எக்ஸ் எக்ஸ் குரோமோசோம் கொண்ட பெண்ணாக இருந்து, தூளால் ஆணாக மாறிய தந்தையாக அது இருந்திருக்க வேண்டும். அதனிடம் ஒய் குரோமோசோம் இல்லையென்றால் மகன்கள் அரிதாகவே பிறக்கும். விற்க முடியாத 61 பெண்களைப் பார்த்து உரிமையாளர் வெகுநேரம் பேசவில்லை. பொங்கலுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட ஆர்டரையும் அவர்களால் அந்த ஆண்டு கொடுக்க முடியவில்லை.

இன்று செய்தால் மாற்றுபவை

தூளை நிறுத்துவதையும் அட்டை மறைப்பையும் ஒரே நாளில் செய்தது என் பிழை. குடும்பத்தின் நட்டத்தை விரைவில் நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் செய்தேன். மூத்த ஆண்கள் மீண்டதில் எது எவ்வளவு பங்கு என்பதைப் பிரிக்க முடியாமல் போயிற்று. தூளின் ஒரு சிட்டிகையைப் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிட்டு மீதியை அழித்திருக்க வேண்டும். பெண் உடலில் ஆண் துடுப்பைக் கண்டதை வைத்து ஆண் ஹார்மோன் என்று முடிவுசெய்தது சரிதான் என்றாலும், வியாபாரியிடம் கேட்க என் கையில் தாள் எதுவும் இல்லை. இளம் ஆண்களைத் தனித்தனி எண்ணிட்டு முதலிலிருந்தே பின்தொடர்ந்திருந்தால், எவை பிறப்பில் பெண் என்பதை அவற்றின் குஞ்சுகளைக் கொண்டே முன்கூட்டி அறிந்து, ஜோடி போடாமல் ஒதுக்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, தீவனத்தை யார் எப்படிப் பிசைகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பிரிக்காமல் விட்ட ஒன்றைப் பிரித்துப் பார்க்க, தூள் தொடாத புதிய ஆண்களில் பாதிக்கு அட்டையை எடுத்துவிட்டு, மறுபாதிக்கு வைத்தே, மார்ச்சு முதல் ஜோடி போட்டு வருகிறோம். காலண்டர் தாளில் அட்டை இல்லாத பக்கத்தில் இதுவரை நான்கு ஜோடிகள் ஏறியுள்ளன. அவற்றில் மூன்றில், அண்டைப் புட்டியைப் பார்த்துச் செவுள் விரித்த தந்தை, முதல் முட்டை நழுவியதும் கூட்டுக்குத் திரும்பிவிட்டது.